சாயந்திர வகுப்புன்னா ஹோம்வொர்க் முடிச்சுக் குடுக்கிற இடம் இல்லைங்க

எங்க தெருவுல சாயந்திரம் பசங்களுக்கு வகுப்பு நடக்குதுன்னு தெரிஞ்சதுல இருந்து யாராவது ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எங்க ஊர்லயும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம் என்னென்ன வேணும்னு. போர்டு எந்த சைஸ், எத்தனை நோட்டு, எந்த கைடு நல்லாருக்கும், ஸ்நாக்ஸ் குடுக்கணுமா, இதெல்லாம் கேக்குறாங்க. கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதை மட்டும் யாரும் கேக்குறதில்ல. நாலாங்கிளாஸ் படிக்கிற ஒரு பிள்ளைக்கு ரெண்டாங்கிளாஸ் புஸ்தகமே வாசிக்க வரலைன்னு வைங்க, அன்னிக்கு அது கையில கொண்டு வந்திருக்கிற ஹோம்வொர்க்கை என்ன பண்ணப் போறீங்க? இதுக்கு நீங்க சொல்ற பதில்லதான் உங்க வகுப்பு எப்படி நடக்கும்ங்கிறது இருக்கு, மிச்சத்தை எல்லாம் போகப்போக பாத்துக்கலாம்.

எங்க பக்கம் பெரும்பாலும் அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாளு இல்லன்னா நூறு நாள் வேலை, ரெண்டு பேரும் வீடு வந்து சேர ஆறு ஆறரை ஆகிடும், வந்தவுடனே அடுப்பு பத்த வைக்கணும் தண்ணி பிடிக்கணும். பள்ளிக்கூடம் விடுறது நாலு மணி வாக்குல. இடையில இருக்கிற நேரத்துல பிள்ளை ரோட்டுல, இல்ல போன்ல. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க டியூஷனுக்குப் போயிடுது. இல்லாத வீட்டுப் பிள்ளை ஹோம்வொர்க் எழுதாம போயி மறுநாள் திட்டு வாங்கும். அதனால வகுப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சவுடனே பெத்தவங்க முதல்ல வெக்கிற கோரிக்கை என்னன்னா, "ஹோம்வொர்க்கை மட்டும் முடிக்க வெச்சு அனுப்பிடுங்கண்ணே, வேற ஒண்ணும் வேணாம்". நியாயமான கோரிக்கைதான், அதுல தப்பே இல்ல. ஆனா அதுக்கு சரின்னு தலையாட்டிட்டா முடிஞ்சது கதை, ரெண்டு மணி நேரமும் கைடு பாத்து காப்பி அடிக்கிறதுலயே போயிடும்.

எங்க மையத்தை நடத்துறது ஒரு தங்கச்சி, பி.காம் முடிச்சது, கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தது, ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. பசங்க அக்கான்னு கூப்பிடுவாங்க, அதனால நானும் இங்க அக்கான்னே எழுதறேன். நான் வேலை முடிஞ்சு வந்து கணக்குக்கு உக்காருவேன், அவ்வளவுதான் என் பங்கு. ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "அண்ணே இங்க வாங்களேன், இவ எழுதுறா, ஆனா படிக்க மாட்டேங்கிறா"ன்னு சொன்னா. நாலாங்கிளாஸ் பொண்ணு. நோட்டைப் பாத்தா எழுத்து முத்து முத்தா இருக்கு, கேள்வி சிவப்புல பதில் நீலத்துல, ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, டீச்சர் குட் போட்டிருக்காங்க. பாடத்தை வாசிடான்னா கடகடன்னு வாசிக்குது. அக்கா மூணாவது வரியில நடுவுல இருக்கிற ஒரு வார்த்தை மேல விரலை வெச்சு இது என்னன்னு கேட்டா. பிள்ளை பேசல. அப்புறம் பாடத்தோட முதல் வரிக்குப் போயி அங்கிருந்து வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டே வந்து, அந்த வார்த்தை வர்ற இடம் வந்ததும் சத்தமா சொல்லிச்சு. மொத்தப் பாடமும் மனப்பாடம். கண்ணு புஸ்தகப் பக்கத்துல இருந்துச்சே தவிர எழுத்து மேல இல்ல.

அப்புறம் தனித்தனியா எழுத்தை எடுத்து வெச்சு பாத்தோம். உயிரெழுத்து தெரியுது, க ங ச எல்லாம் தெரியுது, ஆனா கொம்பும் காலும் வந்தா மாட்டிக்குது. காடுங்கிறதை கரடுன்னு வாசிக்குது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, துணைக்காலும் ரகரமும் அச்சுல கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானே இருக்கு, கீழ அந்த சின்ன சாய்வு ஒண்ணைத் தவிர. ஒகரம் இன்னும் கஷ்டம், கொடின்னு எழுதுனா க-வுக்கு முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு கால், எழுத்துல ரெண்டு பக்கமும் இருக்கு ஆனா சத்தம் மட்டும் க-வுக்கு அப்புறம்தான் வருது. பெரியவங்களுக்கு இது எப்பவோ பழகிப்போச்சு, அதனால பிள்ளைக்கு இதுல என்ன குழப்பம்னே நமக்குப் புரியறதில்ல, கவனமில்ல சேட்டைன்னு சொல்லிட்டுப் போயிடறோம். இருநூத்தி நாப்பத்தேழு எழுத்தையும் சார்ட்ல ஒட்டி வரிசையா ஒப்பிக்க வெச்சா பிள்ளை ஒப்பிக்கும், பாட்டு மாதிரி. ஒப்பிக்கிறது வேற வாசிக்கிறது வேற.

அன்னிக்கு அந்தப் பொண்ணோட ஹோம்வொர்க் ஒன்பதாவது பாடத்துக்கு கேள்வி பதில். அதை எழுதி முடிக்க வெச்சிருந்தா டீச்சருக்கு சந்தோஷம், அம்மாவுக்கு சந்தோஷம், எங்களுக்கும் ஒரு நாள் வேலை முடிஞ்ச திருப்தி. அஞ்சாங்கிளாஸ் போனாலும் அதே கரடுதான்.

இதுல ஒண்ணும் புதுசு இல்லைங்க. குஜராத்ல வதோதராவிலயும் மும்பையிலயும் பிரதம்ங்கிற தொண்டு நிறுவனம் பாலசகின்னு ஒரு திட்டம் நடத்துச்சு, அதோட ஆய்வு 2007-ல வெளியாச்சு. அந்தந்தப் பகுதியிலயே இருக்கிற பள்ளிப்படிப்பு முடிச்ச பொண்ணுங்களை மாசம் 500-ல இருந்து 750 ரூபாய் குடுத்து வெச்சு, மூணாங்கிளாஸ் நாலாங்கிளாஸ்ல பின்தங்கின பிள்ளைங்களை மட்டும் தினம் ரெண்டு மணி நேரம் தனியா உக்கார வெச்சு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுத்தாங்க. அது ஸ்கூல் நேரத்துக்குள்ளயே நடந்தது, சாயந்திரம் இல்ல. ஆனா பிள்ளை எந்த வகுப்புல இருக்குன்னு பாக்காம எந்த நிலையில இருக்குன்னு பாத்து அங்கிருந்து ஆரம்பிச்சாங்க, பலனும் நல்லாவே தெரிஞ்சது. இப்ப நம்ம ஸ்கூல்லயே எண்ணும் எழுத்தும்ங்கிற அரசுத் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு வெச்சிருக்காங்களே, அதுக்கும் அடிப்படை இதே யோசனைதான். 2022 ஜூன்ல ஆரம்பிச்சாங்க, முதல்ல ஒண்ணுல இருந்து மூணாங்கிளாஸ் வரைக்கும்.

அதுக்கு முன்னாடியே இல்லம் தேடிக் கல்விங்கிற அரசோட சாயந்திர வகுப்புத் திட்டம் வந்துடுச்சு. கொரோனாவால 2020 மார்ச்ல மூடின பள்ளிக்கூடம் சின்னப் பசங்களுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்துச்சு. அதுக்கு கொஞ்சம் முன்னாடி அக்டோபர் 27-ம் தேதி விழுப்புரம் மாவட்டத்துல மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கி வெச்சாரு. சாயந்திரம் அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள ஒரு மணி ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு மணி நேரம், ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைங்க, பிளஸ் டூ முடிச்சிருந்தா ஒண்ணுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரை எடுக்கலாம்னு வெச்சிருந்தாங்க, மாசம் ஆயிரம் ரூபாய் குடுத்தாங்க. கலைக்குழு ஊர் ஊரா போயி பறையடிச்சு பாட்டுப் பாடி ஆள் திரட்டுனாங்க, பாத்தவங்களுக்கு 1990-கள்ல பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லிக் குடுக்க வந்த அறிவொளி இயக்கம் ஞாபகம் வந்திருக்கும். லட்சக்கணக்குல பொண்ணுங்க பேர் குடுத்தாங்க. எங்க அக்காவும் அதுல வந்த ஆளுதான், பட்டம் வாங்கிட்டு வீட்ல சும்மா இருந்த எத்தனையோ பொண்ணுங்களுக்கு அதுதான் முதல்முறையா வெளிய வர ஒரு காரணமா இருந்துச்சு. இதைப் பத்தி யாரும் அதிகம் பேசல, என் வருத்தம் அது.

இதுக்குப் பலன் இருந்துச்சான்னு கேட்டா, அளந்து பாத்திருக்காங்க. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோட இருந்தவங்களும் தமிழ்நாட்டு கிராமங்கள்ல கிட்டத்தட்ட 19,000 பிள்ளைங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. 2021 டிசம்பர்ல சோதிச்சப்ப, அதே ஊர்கள்ல 2019-ல அதே வயசுல இருந்த பிள்ளைங்களைவிட ரொம்பப் பின்தங்கிப் போயிருந்தாங்க, தமிழைவிட கணக்குல மோசம். பள்ளிக்கூடம் திறந்து ஆறு மாசத்துல அந்த இழப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு, அப்படி வந்ததுல ஏறக்குறைய 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்குப் போட்டிருக்காங்க. இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு, ஸ்கூல் மூடினப்ப அதிகமா இழந்தது வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்க, திரும்பி வரும்போது வேகமா ஏறுனதும் அவங்கதான். வாரத்துக்கு ஆறு மணி நேரம், தெருவுல இருக்கிற ஒரு பொண்ணு, அதுக்கே இவ்வளவு.

ஆயிரம் ரூபாயைக் கணக்குப் போட்டுப் பாருங்க, மாசத்துக்கு இருபத்தஞ்சு மணி நேரம்னு வெச்சா மணிக்கு நாப்பது ரூபாய். அப்புறம் மையங்கள் படிப்படியா குறைஞ்சுது, பல ஊர்ல தன்னார்வலர்கள் வேற வேலைக்குப் போயிட்டாங்க. சிலர் சொந்தமா டியூஷன் வெச்சாங்க. எங்க மாதிரி சில இடத்துல தெருவுல நாலு பேர் சேர்ந்து மாசாமாசம் போட்டு நடத்துறோம். உதவி பண்றேன்னு வர்றவங்ககிட்ட நான் கறாரா சொல்றது ஒண்ணுதான், நோட்டு பேனா பேக் வேணாம்ங்க, அரசுப் பள்ளியில புஸ்தகத்துல இருந்து நோட்டு வரைக்கும் குடுக்குறாங்க, அக்காவுக்கு மாசச் சம்பளத்துக்கு ஒரு வருஷத்துக்குப் பொறுப்பெடுங்கன்னு. சொன்னவுடனே பாதிப் பேர் முகம் மாறும். சம்பளத்தை ஃபோட்டோ எடுக்க முடியாதுல்ல. பேக் குடுத்தா இருபது பிள்ளையை வரிசையா நிக்க வெச்சு எடுக்கலாம். சேவை மனப்பான்மை வேணும்னு அக்காவுக்குப் பாடம் எடுத்துட்டுப் போனவங்களும் உண்டு, அவங்களே மாசச் சம்பளம் வாங்குறவங்கதான்.

ஞாயித்துக்கிழமை கேம்ப் மாதிரி வர்ற காலேஜ் பசங்களைப் பத்தி ரொம்ப சொல்ல வேணாம். நல்ல பசங்க, பிள்ளைங்களுக்கும் ஜாலி. ஆனா வாசிப்பு வர்றதுக்கு ஒரே ஆளு தினம் உக்காரணும். வேற குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அடுத்தது இடம். இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும்னு நெனச்சேன். சமுதாயம் சேர்ந்து நடத்துற வகுப்புன்னு பேசும்போது எந்த சமுதாயம்னு யாரும் கேக்குறதில்ல. ஊர்ல ஊர்த்தெரு இருக்கு, காலனி இருக்கு, நடுவுல ஒரு ரோடோ வாய்க்காலோ இருக்கு. வகுப்பை ஊர்த்தெரு கோயில் மண்டபத்துல வெச்சீங்கன்னா காலனிப் பிள்ளைங்க வராது, வந்தாலும் ரெண்டு நாள்ல நின்னுடும், யாரும் வராதேன்னு சொல்லவே வேணாம், ஒரு பார்வை போதும். காலனியில வெச்சா ஊர்த்தெருவுல இருந்து அனுப்ப மாட்டாங்க, "ராத்திரி நேரம் தூரமா இருக்குங்க"ன்னு சொல்லுவாங்க, தூரம் இருநூறு அடி கூட இருக்காது. காலையில ஒரே பெஞ்சுல உக்கார்ற பிள்ளைங்கதான் ரெண்டு பக்கமும். பள்ளிக்கூடத்துலயே வைக்கலாம்னா சாவி யார்கிட்ட, கரண்ட் பில் யாரு, ஏதாச்சும் உடைஞ்சா யாரு பொறுப்புன்னு வரும். இருந்தாலும் அதுக்கு மெனக்கெடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவுல பெத்தவங்கதான் அதிகம், கூட்டத்துல தீர்மானம் போட்டு ஹெச்.எம்.கிட்ட குடுத்தா பல இடத்துல வேலை நடக்குது. எங்களுக்கு அங்கன்வாடி பக்கத்துல இருக்கிற சமுதாயக் கூடத்து வராண்டா கிடைச்சுது, ரெண்டு தெருவுக்கும் பொதுவான இடம். மழை பேஞ்சா சாரல் அடிக்கும், கொசு இருக்கும், பரவால்ல. எந்தப் பிள்ளையும் யாரோட இடத்துக்கும் போகலைங்கிற நிலைமை அங்க இருந்துச்சு, அதுக்காக சாரலைப் பொறுத்துக்கலாம்.

வராண்டாவுல இன்னொரு வசதி, எல்லாரும் பாக்குற மாதிரி நடக்கும். பிள்ளைங்க விஷயத்துல மூடின ரூம் வேணாம், ஒரே ஆள் தனியா வேணாம், ஏழு மணிக்கு மேல பொண்ணு பிள்ளைங்களைத் தனியா அனுப்ப வேணாம். இதுல யார் நல்லவர் யார் கெட்டவர்ங்கிற பேச்சே கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான் இந்த ரூல்.

பசங்க தம்பி தங்கச்சியை இடுப்புல தூக்கிட்டு வரும். முதல்ல வேணாம்னு சொல்லலாம்னு பேச்சு வந்துச்சு, அக்கா ஒத்துக்கல, "அந்தக் குட்டியைப் பாத்துக்கத்தான் இவளை வீட்ல வெக்கிறாங்க, குட்டியை வேணாம்னா இவளும் வரமாட்டா"ன்னா. சரியாத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு பாட்டி வந்து குட்டிங்களைப் பாத்துக்குது, அறிவொளியில கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் கத்துக்கிட்ட பாட்டி. மத்தியானம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு அஞ்சு மணிக்கு வயிறு கத்தும், அதனால சுண்டலோ பொட்டுக்கடலையோ எதோ ஒண்ணு வந்தவுடனே குடுத்துடணும், கடைசியில குடுக்குறேன்னு வெச்சா எல்லா கண்ணும் டப்பா மேலதான் இருக்கும்.

கணக்குக்கு வர்றேன். 52-ல 27 போனா எவ்வளவுன்னு எழுதிக் குடுத்தா முக்கால்வாசி பசங்க 35-ன்னு எழுதும். ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சு அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு. பெருசுல இருந்து சின்னதைக் கழிக்கணும்னு சொல்லிக் குடுத்ததை ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்கு பிள்ளை, அதை சோம்பேறின்னு சொல்ல முடியாது. இதுல வேடிக்கை என்னன்னா, சாயந்திரம் அம்மாவோட பூக்கடையில உக்கார்ற பையன் ஒருத்தன், அம்பது ரூபா குடுத்தா இருபத்தேழு ரூபா பூவுக்கு மீதியை யோசிக்காம எடுத்து நீட்டுவான். பேப்பர்ல போட்டா 37. டெல்லியிலயும் கொல்கத்தாவிலயும் சந்தையில வேலை பாக்குற பிள்ளைங்களை வெச்சு இதையே ஆராய்ச்சி பண்ணி 2025-ல நேச்சர் இதழ்ல போட்டிருக்காங்க, கடைக் கணக்கு மனசுல போடத் தெரிஞ்ச பிள்ளை ஸ்கூல் கணக்குல தடுமாறுது, ஸ்கூல் கணக்கு தெரிஞ்ச பிள்ளை கடைக் கணக்குல தடுமாறுது.

நாங்க ஈர்க்குச்சிதான் வெச்சிருக்கோம். தென்னை விளக்கமாத்துக் குச்சியை ஒடிச்சு பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அம்பத்திரண்டுன்னா அஞ்சு கட்டு ரெண்டு குச்சி. இருபத்தேழைக் குடுறான்னா ரெண்டு கட்டைக் குடுத்துட்டு ஏழு குச்சிக்கு முழிப்பான், அப்புறம் அவனே ஒரு கட்டு ரப்பர் பேண்டை உருவுவான். அந்த உருவுறதுதான் கடன் வாங்குறதுன்னு அதுக்கப்புறம் சொன்னா போதும். பூக்கடைப் பையன் ரப்பர் பேண்டை உருவிட்டு, "அண்ணே இது பத்து ரூபாயை சில்லறை மாத்துற மாதிரி"ன்னான். அதைவிட நல்லா நான் சொல்லிக் குடுத்திருக்க முடியாது, அதுக்கப்புறம் மத்த பசங்களுக்கு அவனையே சொல்ல வெச்சுட்டேன்.

சரி, ஹோம்வொர்க்கை என்னதான் பண்றோம்? பெத்தவங்க கவலையை ஒதுக்க முடியாது, பிள்ளை திட்டு வாங்குறதையும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வாசிக்க வர்ற பசங்களுக்கு கடைசி இருபது நிமிஷம் ஹோம்வொர்க், அவங்களா செய்வாங்க, சந்தேகம்னா கேப்பாங்க. வாசிக்க வராத பசங்களுக்கு ஹோம்வொர்க் கிடையாது, ரெண்டு பேருக்கு ஒரு வாசிப்பு அட்டை, அக்கா பக்கத்துல இருப்பா. இதுக்கு டீச்சர்கிட்ட பேசியாகணும். அக்கா நேரா போயி கிளாஸ் டீச்சரைப் பாத்து, யாரையும் குறை சொல்லாம, "மேடம் இந்த ஆறு பேருக்கும் கேள்வி பதிலுக்குப் பதிலா அவங்களா ஒரு வரி எழுதிட்டு வந்தா ஏத்துக்குவீங்களா"ன்னு கேட்டா. டீச்சர் கொஞ்சம் யோசிச்சுட்டு சரின்னுட்டாங்க, அவங்களுக்கும் நாப்பது பிள்ளை, ரெண்டு வகுப்பு சேர்த்து. எல்லா டீச்சரும் சரின்னு சொல்லுவாங்கன்னு இல்ல, சொல்லாத இடத்துல அந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வியை அக்கா வாசிச்சுக் காட்டி பதிலை அதுவே வாயால சொல்லி எழுதும், நேரம் பிடிக்கும்.

அந்த முத்து எழுத்துப் பொண்ணு முதல்முறை தானா எழுதுன வரி, "எங்க ஆடு குட்டி போட்டிச்சி. ரெண்டு." கொம்பு கால் எல்லாம் இடத்துல இருந்துச்சு, ஸ்கேல் வெச்சு கோடு போடல, எழுத்தும் கோணல் மாணல். அம்மா நோட்டைப் பாத்துட்டு வந்து கேட்டாங்க, "என்னண்ணே முன்னெல்லாம் பக்கம் பக்கமா எழுதுவா, இப்ப ரெண்டு வார்த்தைதான் எழுதுறா"ன்னு. பொண்ணைக் கூப்பிட்டு பஞ்சாயத்து நோட்டீஸ் ஒண்ணை வாசிக்கச் சொன்னோம். திக்கித் திக்கி வாசிச்சுது. அம்மா ஒண்ணும் சொல்லல, அடுத்த நாள் சின்னவனையும் கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க.

பொங்கல் முடிஞ்சா எங்களுக்கு வேற பிரச்சனை. செங்கல் சூளைக்குப் போற குடும்பங்க கிளம்பிடும், பிள்ளைங்களும் கூடப் போயிடும், ஜூன் வாக்குலதான் திரும்பும். அதுவரைக்கும் மாலை வகுப்புல ஏறுனது எல்லாம் இறங்கிடும். இதுக்கு முழுசா ஒரு தீர்வு எங்ககிட்ட இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி அக்கா ஒரு அட்டை எழுதிக் குடுப்பா, பிள்ளை இப்ப சொல் வாசிக்குது, பத்தி வரல, கழித்தல்ல கட்டுப் பிரிக்கத் தெரியும், இந்த மாதிரி. போற இடத்துல பக்கத்து ஸ்கூல்ல சேர்த்துடுங்கன்னு சொன்னா, "டி.சி. இல்லாம எடுக்க மாட்டாங்களே"ம்பாங்க. எடுத்துத்தான் ஆகணும், கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5, டி.சி. வர லேட் ஆகுதுங்கிறதைக் காரணம் காட்டி சேர்க்கையைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாதுன்னு தெளிவா இருக்கு. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அட்டையோட பின் பண்ணி குடுத்து விடறோம், சூளைக்கு ஆள் அனுப்புற ஊர்ல யாராவது வகுப்பு நடத்துனா நீங்களும் குடுத்து விடுங்க.